மீட்டுப் பார்க்காத காப்பு நகல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு அலுவலகம் முதல் சிறு மருத்துவமனை வரை பதிவுகளெல்லாம் தரவுத்தளங்களுக்குள் போய்விட்ட இக்காலத்தில், ‘தினமும் பேக்கப் (காப்பு நகல்) எடுக்கிறோம்’ என்ற பதிலோடு பலரும் நிறைவடைந்துவிடுவது, இத்தொழிலில் இருக்கும் எனக்குக் கவலை தருகிறது.

2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களை இணையத்தில் சேமித்துவைக்க உதவும் கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர், துணைச் சர்வரில் இருப்பதாக எண்ணி, முதன்மைச் சர்வரின் தரவுக் கோப்புறையை அழிக்கத் தொடங்கினார். ஓரிரு நொடிகளில் சுதாரித்து நிறுத்தியபோது, சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மட்டுமே எஞ்சியிருந்தது. இரு சர்வர்களின் பெயர்களுக்கும் வேறுபாடு ஒரேயோர் எண்தான். அன்றாடக் காப்பு நகலோ, தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பாகவும் நகலெடுக்கும் கருவி அதற்குப் பொருந்தாத பழைய 9.2 பதிப்பாகவும் இருந்ததால், எடுக்கப்படாமலேயே இருந்திருக்கிறது. அதை எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் உரியவர்களைச் சென்றடையவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்துவைத்த நகல்தான் கைகொடுத்தது.

மாதம் ஒருமுறையேனும் காப்பு நகலைத் தனிச் சர்வரில் மீட்டு, பதிவுகளை எண்ணிச் சரிபார்க்க வேண்டும். எந்தச் சர்வரில் இருக்கிறோம் என்று குழம்பாமலிருக்க, முதன்மைச் சர்வருடன் இணையும் திரையைச் சிவப்பு நிறத்தில் வைப்பதற்குச் செலவே இல்லை. கணினிமயமாக்க ஒப்பந்தப்புள்ளிகளில் மீட்புச் சோதனையைக் கட்டாய நிபந்தனையாக அரசு சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தரவுத்தளப் பராமரிப்பாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.