நீங்க படிக்க மாட்டேன்னு சொன்ன நாலு கட்டுரைகள்

அண்ணா,

நம்ம அனிமே (ஜப்பான் அனிமேஷன்) கட்டுரைகளோட இந்த வருஷத் தொகுப்பு ஜெராக்ஸ் ஆகி, ஸ்டேப்ளர் அடிச்சு, காட்பாடியிலயும் ஆம்பூர்லயும் கைமாறிக்கிட்டிருக்கு. உங்க கட்டுரை அதுல இல்ல. வேற யாராவது சொல்லித் தெரியறதுக்கு முன்னால நானே சொல்லிடறேன். எடுத்தது நான்தான். உங்களைக் கேக்காம போடக்கூடாதுன்னு எடுத்தேன். கேட்டா வேணாம்னுதான் சொல்வீங்கன்னு கேக்கவும் இல்ல. இதை மன்னிப்பா எடுத்துக்கிட்டாலும் சரி, காரணமா எடுத்துக்கிட்டாலும் சரி.

நடுவுல பேச்சு ஏன் நின்னுச்சுங்கறது நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும். இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு அது வேண்டாம். ஆனா ஒரு வாக்கியத்தை நீங்க நாலு பேர் முன்னால சொன்னீங்க. "அனிமே பத்தி நம்மாளுங்க எழுதறது எல்லாமே கதைச்சுருக்கமும் 'வேற லெவலு'ம்தான், நான் படிக்கிறதில்ல." நாலு பேர் முன்னால சொன்னதுக்கு நாலு பேர் முன்னாலயே பதில் சொல்றேன்.

பாதி நெசம்ணா. முதல் பத்தியில ஸ்டூடியோ பேரு, ரெண்டாவதுல கதை, மூணாவதுல "அனிமேஷன் தாறுமாறு", கடைசியில பத்துக்கு இத்தனைன்னு மார்க். இந்த மாதிரி கட்டுரைங்க குமிஞ்சு கெடக்கு. எழுதினவர் படத்தை நிறுத்திப் பார்க்கவே இல்லன்னு ரெண்டாவது வரியிலயே தெரிஞ்சிடும். மீதிப் பாதி உங்க கண்ணுல படல. படலையா, பார்க்கலையான்னு நான் கேக்கப் போறதில்ல.

முதல்ல ஆம்பூர்க்காரர் எழுதினதைப் படிங்க. ஷூ கம்பெனியில கட்டிங் செக்‌ஷன்ல வேலை. அனிமேல வர்ற காலணிங்களைப் பத்தி மட்டுமே பதினோரு பக்கம். விளையாட்டா ஆரம்பிக்கிறார்: ஓடுற காட்சியில ஷூ லேஸ் ஏன் காணாமப் போகுது? கையால வரையற ஒவ்வொரு கோட்டையும் அடுத்தடுத்த ஓவியத்துல மறுபடி மறுபடி வரைஞ்சாகணும். லேஸுக்கு எட்டு கோடுன்னா அந்த எட்டும் ஒவ்வொரு ஓவியத்துலயும் வந்தாகணும். அதனால நிக்கும்போது லேஸ் இருக்கும், ஓடும்போது வெள்ளையா ஒரு பட்டை மட்டும் இருக்கும். அங்கேருந்து வாசலுக்கு வர்றார். ஜப்பான் வீட்டு வாசல்ல கழட்டி வெச்சிருக்கிற செருப்பைப் பார்த்தே உள்ள யார் இருக்காங்கன்னு சொல்லிடலாம், வசனமே வேணாம். இதை நம்ம ஊருல யாருக்கும் விளக்க வேண்டியதில்ல, அதனால அவரும் விளக்கல.

கட்டுரையோட உயிர் அடுத்த பகுதியில. இயக்குநர் மகோடோ ஷின்காயோட 'கார்டன் ஆஃப் வேர்ட்ஸ்' படம், 2013, மொத்தமே 46 நிமிஷம். ஷூ செய்யக் கத்துக்கிற பள்ளிக்கூடப் பையன் பூங்கா மண்டபத்துல, அங்க பழக்கமான ஒரு பொண்ணோட காலை அளவெடுக்கிற காட்சி. நாமெல்லாம் அங்க மழையையும் பச்சையையும் பார்த்தோம். இவர் டேப்பைப் பார்த்திருக்கார். தாளில கால் வடிவத்தைப் பென்சிலால சுத்தி வரையறப்போ பென்சில் செங்குத்தா நிக்கணுமாம். உள்பக்கம் சாஞ்சா கால் சிறுத்துடும், வெளிப்பக்கம் சாஞ்சா பருத்துடும். டேப்பைச் சுத்தவேண்டிய இடம் விரல்கள் மடங்கற எலும்புமேட்டுல ஒண்ணு, பாதத்தோட மேல்வளைவுல ஒண்ணு. உட்கார்ந்த காலும் நிக்கிற காலும் ஒரே அளவுல இருக்காது. எடை இறங்கினா நீளமும் கூடும், அகலமும் கூடும். "எடை எப்போ இறங்குதுன்னு பாருங்க, காட்சி யாரோட கையில இருக்குன்னு புரியும்"னு எழுதறார். நான் மறுபடி போட்டுப் பார்த்தேன். காதல் காட்சின்னு நெனச்சுக்கிட்டிருந்தது தொழில் காட்சியா மாறி, அதுக்கப்புறம் இன்னும் பெரிய காதல் காட்சியா திரும்பி வந்துச்சு. முகத்தோட ஓரக்கோட்டுல கறுப்புக்குப் பதிலா இலையோட பச்சை எதிரொளிக்கிறதையும் விடாம எழுதியிருக்கார். அந்த ஓரப் பச்சை இல்லேன்னா ஆள் தனியா, பின்னணி தனியா ஒட்டினாப்ல இருந்திருக்கும்.

உங்களுக்கு இது பிடிக்கும். பிடிக்கலேன்னு சொன்னா நம்ப மாட்டேன்.

ரெண்டாவது, குடியாத்தத்து அக்கா. லுங்கி நெய்யற வீடு. 2009ல 'ஹருஹி சுசுமியா' தொடர்ல ஒரே கதையை எட்டு வாரம் திருப்பித் திருப்பிக் காட்டினாங்களே, அந்த 'எண்ட்லெஸ் எயிட்' பத்தி. எட்டுலயும் ஒரே கோடை விடுமுறை, ஒரே குளம், ஒரே திருவிழா. ரசிகருங்க கொதிச்சுப்போன கதையை எல்லாரும் எழுதிட்டாங்க. இவங்க எட்டு எபிசோடுக்கும் எட்டு நெடுவரிசை போட்டு ஒரு பட்டியல் தயார் பண்ணியிருக்காங்க: யூகாட்டாவோட (கோடையில போடற மெல்லிசு கிமோனோ) நிறம், பூ டிசைன், நீச்சல் உடை, கேமரா இருக்கிற இடம், அதே வசனத்தைப் பேசற வேகம். எட்டையும் புதுசா வரைஞ்சு, குரலையும் புதுசா பதிவு பண்ணியிருக்காங்கங்கறது அந்தப் பட்டியலைப் பார்த்தா கண்ணுலயே தெரியுது. செலவைக் கொறைக்க பழசையே ஓட்டினாங்கன்னு சொல்றவங்களுக்கு இதுக்கு மேல பதில் வேணாம். கடைசிச் சுத்துல, இது எத்தனையாவது தடவைன்னு 15,532ன்னு எண் வருமே, அதுக்கு எழுதியிருக்கிற ஒரு பக்கம் மட்டும் எனக்குக் கொஞ்சம் இழுவை. தாண்டிப் போயிடுங்க.

காட்பாடித் தம்பி எழுதினதைச் சேர்க்கலாமா வேணாமான்னு யோசிச்சேன். கணக்கு மட்டும்தான் இருக்கு. ஆனா உங்களுக்குக் கணக்கு பிடிக்கும், அதனால சேர்த்தேன். ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 நிலைப்படம். ஒரு ஓவியத்தை ரெண்டு ஃப்ரேம் நிறுத்தினா செகண்டுக்கு 12 ஓவியம், மூணு ஃப்ரேம் நிறுத்தினா 8. டிவி அனிமேல பெரும்பாலும் இந்த மூணு ஃப்ரேம் கணக்குதான். 1963ல 'ஆஸ்ட்ரோ பாய்' வாராவாரம் வந்தாகணும்னு அதை உருவாக்கின ஒசாமு தெசுகாவோட ஆளுங்க ஓவியத்தைக் கொறைச்சாங்க. வரைஞ்சதைப் பத்திரமா வெச்சு வேற எபிசோட்லயும் போட்டாங்க. அந்தப் பழக்கம் பரம்பரையா இன்னிக்கும் ஓடுது. எண்ணற வழியையும் தம்பி ஒழுங்கா எழுதியிருக்கான். வீடியோ பார்க்கிற வி.எல்.சி. மென்பொருள்ல 'இ' (E) பொத்தானை அமுக்கினா ஒவ்வொரு ஃப்ரேமா நகரும். ஆளை எண்ணணும், பின்னணியை எண்ணக்கூடாது. கேமரா நகர்ற காட்சியில பின்னணி ஒவ்வொரு ஃப்ரேமும் நகரும், ஆளோட ஓவியம் மூணு ஃப்ரேமுக்கு ஒருதடவைதான் மாறும். பின்னணியைப் பார்த்து எண்ணினவங்க "24 ஓவியம், சூப்பர் அனிமேஷன்"னு எழுதி மாட்டிக்கிறது இங்கதான். டிவியில 'மோஷன் ஸ்மூத்திங்' ஆன்ல இருந்தா, டிவியே நடுவுல இல்லாத படத்தைச் சேர்த்துடும். அதை அணைச்சுட்டு எண்ணணும். இல்லேன்னா அத்தனையும் வீண்.

அவன் தப்பு பண்ற இடம், ஓவியம் அதிகமா இருந்தா நல்லதுன்னு நெனச்சுக்கிறது. ஒரு குத்து விழற காட்சியில நடு ஓவியத்தைத் தூக்கிட்டாத்தான் அடி அடியாத் தெரியும். அதைச் சொல்லிக்குடுக்க ஆள் இல்ல அவனுக்கு. ஒருத்தர் இருந்தார், பெங்களூர் போயிட்டார்.

சரி, விடுங்க.

இல்ல, விட முடியல. அந்த லிஃப்ட் காட்சி. 'எவாஞ்செலியன்' தொடரோட 22ஆவது எபிசோட். அசுகா, ரேன்னு ரெண்டு பொண்ணுங்க லிஃப்ட்ல நிக்கிறாங்க. யாரும் பேசல, படம் நகரல, லிஃப்ட் சத்தம் மட்டும் கேக்குது. வேலூர் கோட்டை அகழி ஓரத்துல, பெரிய கருங்கல்லு மேல லேப்டாப்பை வெச்சு நீங்க போட்டுக் காமிச்சீங்க. பத்து செகண்ட் ஆனதும் பக்கத்துல இருந்தவர் "இன்னாப்பா, ஹேங் ஆயிடுச்சா?"ன்னு கேட்டார். இருபதாவது செகண்ட்ல இன்னொருத்தர் கையை நீட்டினார். நீங்க அவர் கையைத் தட்டிவிட்டுட்டு ஃபோன் ஸ்டாப்வாட்ச்சை மட்டும் பார்த்துக்கிட்டிருந்தீங்க. முக்கால் நிமிஷம் தாண்டுச்சு. ரே வாயைத் திறந்தப்போ எல்லாருக்கும் தூக்கிவாரிப்போட்டுச்சு. அப்போ நீங்க சொன்னது: "காசில்லாம நிறுத்திட்டாங்கன்னு சொல்வான். நிறுத்தற இடத்தை யாரு தேர்ந்தெடுத்தான்னு கேளு." அனிமே எழுத்துன்னா என்னன்னு எனக்குத் தெரிஞ்சதே அந்த ஒரு கேள்வியிலதான். நெருக்கடி இருந்திருக்கலாம். ஆனா ரெண்டு பொண்ணுங்க ஒருத்தரை ஒருத்தர் பார்க்க முடியாத இடத்துல அதைக் கொண்டுபோய் வெச்சது நெருக்கடி இல்ல, ஒரு ஆள்.

அந்த ஆளைத் தேடற வழியையும் நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க. ஸ்டூடியோ பேரைச் சொல்லிப் புண்ணியமில்ல. ஒரே தொடர்ல வாரத்துக்கு ஒரு கூட்டம் வேலை செய்யும், பாதிப் பேர் வெளியாளுங்க. முடிவுல ஓடற பேருங்கள்ல எகோன்தே யாரு, என்ஷுட்சு யாரு, சகுகா கன்டோகு யாருன்னு பார்க்கணும். வரிசையா சொன்னா, காட்சியை முதல்ல தாளில கட்டம் கட்டமா யோசிச்சவர், அந்த எபிசோடை நடத்தினவர், எல்லாரோட ஓவியத்தையும் திருத்தி ஒரே முகமாக்கினவர். சகுகா கன்டோகு பேரு ஒண்ணு ரெண்டுன்னா வேலை நிதானமா நடந்திருக்கலாம். பத்துப் பேர் வரிசை கட்டி நின்னா, நாள் போதாம ஆளாளுக்குப் பிச்சுக் குடுத்திருக்காங்கன்னு சந்தேகப்படலாம். இப்படிப் பார்த்தவங்க "பட்ஜெட் தீந்துபோச்சு"ன்னு எழுத மாட்டாங்க. பெரும்பாலும் தீர்றது நாளு. இதைச் சொல்லிக்குடுத்த நீங்களே நம்மாளுங்க யாருக்கும் தெரியாதுன்னு எப்படிச் சொன்னீங்க? நாங்க யார்கிட்ட கத்துக்கிட்டோம்?

கடைசியா ஆற்காட்டுக்காரரோடது, தமிழ் டப்பிங் பத்தி. 2025 செப்டம்பர்ல 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' படம் தமிழ்லயும் வந்தப்போ எல்லாரும் குரல் நல்லாருக்கா இல்லையான்னு சண்டை போட்டாங்க. இவர் வாயைப் பார்த்தார். டிவி அனிமேல பொதுவா படம்தான் முன்னால, குரல் பின்னால. வாய்க்கு மூடினது, பாதி திறந்தது, முழுசா திறந்ததுன்னு மூணு ஓவியம் போதும். அதனால எந்த மொழியை ஏத்தினாலும் ஓரளவு பொருந்திடும். பொருந்தாதது நிறுத்தம்தான். ஜப்பான் மொழியில வினை கடைசியில வரும், நம்ம மொழியிலயும் அப்படித்தான். "நான் உன்னை..."ன்னு ஒருத்தன் நிறுத்தி மூச்சு வாங்கினா, கொல்லப் போறானா காப்பாத்தப் போறானான்னு ரெண்டு மொழியிலயும் தெரியாது. இங்கிலீஷ் சப்டைட்டில்ல பாதி வாக்கியத்துலயே வினை வந்து விழுந்துடும். அதனால தமிழ்ல டப் பண்றவங்களுக்கு ஒரு வசதி இயல்பாவே கையில இருக்கு. அதை எங்க வீணாக்கறாங்கன்னு காட்சி காட்சியா காட்டியிருக்கார். முக்கியமான காரணம், வசனத்தை இங்கிலீஷ்லருந்து தமிழுக்குக் கொண்டுவந்தா வாக்கியம் தலைகீழாத் திரும்பி வருதுங்கறது. விதிவிலக்குக்கு 1991ல தகஹாதா எடுத்த 'ஒன்லி யெஸ்டர்டே'யைச் சொல்றார். அதுல கதாநாயகி தாயேகோ பெரியவளா வர்ற பகுதிக்குக் குரலை முதல்ல பதிவு பண்ணி, நடிகருங்க முகத்தைப் பார்த்து வரைஞ்சாங்க. சிரிக்கும்போது கன்னத்துல கோடு விழும். அந்த மாதிரிப் படத்துக்கு எந்த மொழியில டப் பண்ணினாலும் உதடு காட்டிக்குடுத்துடும்.

கதைச்சுருக்கம் எங்கண்ணா இதுல?

ஒரு சங்கதி பாக்கி. தொகுப்புல உங்க கட்டுரை இல்லேன்னாலும், உங்க லிஃப்ட் கணக்கைக் குடியாத்தத்து அக்கா அடிக்குறிப்புல எடுத்துக்காட்டியிருக்காங்க. பேர் போடல, "வேலூர் நண்பர் ஒருவர்"னுதான். அப்படிப் போடச் சொன்னது நான். கூடவே ஒரு மறுப்பும் எழுதியிருக்காங்க. 'எவாஞ்செலியன்'ல 21லருந்து 24ஆவது எபிசோட் வரைக்கும் ஒளிபரப்பான வடிவம் ஒண்ணு, வீடியோவுக்காகக் காட்சி சேர்த்த வடிவம் ஒண்ணுன்னு ரெண்டு இருக்கு. நண்பர் ஸ்டாப்வாட்ச் வெச்சது எதுலன்னு சொல்லாம நேரத்தை மட்டும் சொன்னா அதை வெச்சு எதுவும் பேச முடியாதுங்கறாங்க. எனக்கும் ஞாபகமில்ல, லேப்டாப் உங்களோடது. பதில் இருந்தா அவங்களுக்கே எழுதுங்க, அடுத்த தொகுப்புல அவங்க திருத்திப்பாங்க. எனக்கு எழுத வேணாம்.