ஓடு சரிஞ்சப்பவே பாருங்க, இடிச்சப்புறம் பேசி என்ன பண்றது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டு வீடுகளப் பத்தி உங்க பத்திரிகைல அப்பப்ப கலர் போட்டோ போட்டு எழுதுறீங்க, பாக்க சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா எப்பப் பாத்தாலும் ஆத்தங்குடி பெரிய வீடு, கானாடுகாத்தான் அரண்மனை, ஓட்டலா மாறுன சில வீடுக, இதோட நின்னுருது. சிவகங்கை, புதுக்கோட்டை ரெண்டு மாவட்டத்துலயும் சேத்து எழுபதுக்கும் மேல நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியாருங்க ஊர் இருக்கு, ஒவ்வொரு ஊர்லயும் தெருவுக்குத் தெரு பூட்டிக் கெடக்குற வீடுக இருக்கு, அதப் பத்தி யாரும் எழுதக் காணோம். அதான் இந்த லெட்டர்.

நான் காரைக்குடி பக்கத்துல கட்டட சாமான் கடை வச்சிருக்கேன். எங்கப்பா சுண்ணாம்புப் பூச்சு கொத்தனாரா இருந்தவரு. நான் செட்டியார் இல்ல, எங்களுக்கு அந்த மாதிரி வீடும் கெடையாது, ஆனா எங்கப்பா கை பட்ட சொவரு இன்னமும் சில வீட்டுல பளபளன்னு நிக்குது, அதனால எனக்கும் அதுல ஒரு உரிமை இருக்குன்னுதான் நெனைக்கிறேன்.

ஒரு பெரிய வீடு எப்படி விழுதுன்னு பக்கத்துல இருந்து பாத்தவன்ங்கறதால சொல்றேன். மொதல்ல விழறது ஒரே ஒரு ஓடு. எங்க பக்கம் மயில் ஜாஸ்தி, குரங்கும் வந்துருது, அது ஏறி ஓடும்போது நாட்டு ஓடு சரிஞ்சு ஒரு கையகலம் வழி விட்டுரும். பூட்டுன வீடு, உள்ள ஆளில்ல, யாரு பாப்பா? ஐப்பசி மழைத்தண்ணி அடியில இருக்குற தட்டோட்ட நனைச்சு, கீழ மரச்சட்டத்துல எறங்கி, அப்புறம் சொவத்துக்குள்ள போயிரும். பர்மா தேக்கு ரொம்ப நாள் தாங்கும், ஆனா வருசா வருசம் ஊறிக்கிட்டே கெடந்தா எந்த மரமும் கடைசில உளுத்துத்தான் போகும். சட்டம் தொங்குனா மேல இருக்குற ஓடு மொத்தமா எறங்கும், அது எறங்குன அடுத்த மழைக்கு வளவுல, அதான் வீட்டு நடு முத்தத்துல, புல்லு மொளச்சிரும், சொவத்துல அரசங்கன்னு வந்துரும். ஆளாளுக்கு "பழைய வீடு, தானா விழுந்துருச்சு"ன்னு சொல்லிட்டுப் போயிர்றாங்க. தானா ஒண்ணும் விழல சார். ஒரு ஆளை ஏத்தி ரெண்டு நாள்ல ஓட்ட மாத்தியிருந்தா அது நின்னுருக்கும்.

இதவிடக் கொடுமை, ரிப்பேர் பண்றேன்னு சுண்ணாம்புச் சொவத்து மேல சிமெண்டு பூசுறது. சிமெண்டு விக்கிற நானே இத சொல்றேன். செம்புராங்கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் சேந்து கட்டுன சொவரு ஈரத்த உள்ள வாங்கி வெளிய விட்டுக்கிட்டே இருக்கும், அது மேல சிமெண்டப் பூசி அடைச்சா ஈரம் உள்ளயே நின்னு கொஞ்ச வருசத்துல பூச்சு உப்பிப் பாளம் பாளமா விழும், விழும்போது பழைய சுண்ணாம்பையும் பிச்சுக்கிட்டுத்தான் விழும். எங்கப்பா காலத்துல சுண்ணாம்ப ஊற வச்சு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறுன தண்ணி விட்டு அரைச்சு, ஒண்ணு மேல ஒண்ணா பல பூச்சு பூசி, கடைசிப் பூச்சுல முட்ட வெள்ளக்கரு சேத்து, வழுவழுன்னு இருக்குற கல்லால மணிக்கணக்கா தேச்சுக்கிட்டே இருப்பாங்க. சித்திரை வெயில்ல அந்தச் சொவத்துல கன்னத்த வச்சா ஜில்லுன்னு இருக்கும். இந்த வேலை தெரிஞ்சவங்க இப்ப எங்க சுத்துவட்டாரத்துல ரொம்பக் கொறஞ்சு போயிட்டாங்க, இருக்குறவங்களுக்கும் வயசாயிருச்சு. அவங்க பசங்களுக்கு இதுல வேலை கெடைக்கும்னு உறுதி இருந்தாத்தான கத்துக்குவாங்க?

வீட்டுக்காரங்க மேல பழி போட்டுட்டுப் போறதும் எனக்கு சரியாப் படல. பெரும்பாலான வீடு 1850க்கும் 1940க்கும் நடுவுல கட்டுனது, அப்ப கட்டுனவரு ஒருத்தரு, இப்ப பேரன் பேத்தி கொள்ளுப்பேரன்னு பங்கு எத்தனையோ பேருக்குப் பிரிஞ்சு கெடக்கு. சென்னைல பாதி, சிங்கப்பூர்ல பாதி, அமெரிக்கால ரெண்டு பேரு. ஓடு மாத்துற செலவுக்கு எல்லாரும் ஒத்துக்கணும், ஒருத்தர் வேணாம்னா நின்னுரும். அப்படி நிக்கிற வீட்டுக்குத்தான் ஆளுக வந்து நிலைக்கதவு என்ன வெல, தூண் என்ன வெலன்னு கேக்குறாங்க. மொத்தமா இடிச்சு மரத்த எடுத்துட்டு, காலி மனையா வித்துர்றாங்க.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வெளியூர்லேந்து வர்றவங்க ஆசையாப் போவாங்க, பழைய சாமான் கடைக வரிசையா இருக்குற தெரு. எனாமல் தூக்குச்சட்டி, கடிகாரம், தஞ்சாவூர் படம், கதவு, எல்லாம் இருக்கும். நான் அந்த வியாபாரத்தத் தப்புன்னு சொல்லல, அங்க போகலன்னா பாதி சாமான் அடுப்புக்குத்தான் போயிருக்கும். ஆனா ஒரு கடைல பிரேம் போட்ட குடும்பப் போட்டோவா அடுக்கி வச்சிருந்தாங்க சார். கழுத்துல கழுத்திரு, அதான் செட்டியார் வீட்டுக் கல்யாணத் தாலி, போட்ட ஒரு ஆச்சி, பக்கத்துல நாற்காலில ஒரு அய்யா, காலுக்கடியில ரெண்டு பிள்ளைக. பின்னாடி பேரும் இல்ல ஊரும் இல்ல. யாரோ அத வாங்கிட்டுப் போயி ஓட்டல்ல அழகுக்கு மாட்டுவாங்க. அவங்க யாரு, எந்தத் தெரு, பிள்ளைக என்ன ஆனாங்கன்னு சொல்ல ஆளு இன்னைக்கு அந்த ஊர்லயே கூட இருக்கலாம், இன்னும் பத்து வருசம் போனா இருக்க மாட்டாங்க. எனக்கு வீடு இடிஞ்சத விட இது வயித்தக் கலக்குச்சு.

ஏன்னா வீட்டோட போற ஞாபகம் கொஞ்சமா நஞ்சமா? இந்த வீடு கட்டுன காசு எங்கேருந்து வந்துச்சுன்றதே ஒரு பெரிய கதை. பர்மா, சிலோன், மலாயான்னு "கொண்டுவிக்க"ப் போனவங்க, அதாவது வட்டிக்கடை, வியாபாரம்னு போனவங்க, பர்மாவுல நெல்லு வெளையிற நெலத்துக்குக் கடன் குடுத்தாங்க. 1930கள்ல நெல்லு வெல சரிஞ்சப்ப கடன் கட்ட முடியாம அந்த ஊரு விவசாயிங்க நெலம் லட்சக்கணக்கான ஏக்கரு இவங்க கைக்கு வந்துச்சு. 1942ல ஜப்பான்காரன் வந்ததும் உயிரக் கையில புடிச்சுக்கிட்டு ஓடியாந்தாங்க, எத்தனையோ பேரு காட்டு வழியா நடந்தே வந்தாங்க, சுதந்திரம் வாங்குனப்புறம் பர்மா அரசாங்கம் நெலத்த எடுத்துக்கிச்சு, 1960கள்ல மிச்சம் இருந்தவங்களும் வெறுங்கையோட கப்பலேறுனாங்க. எங்க ஊர்ல சில வீடு மேல்தளம் பாதியில நிக்கிறது அதனாலன்னு பெரியவங்க சொல்வாங்க. நெலத்த இழந்த பர்மாக்காரன் பக்கத்தையும் சேத்துத்தான் இதச் சொல்லணும், வெறும் பெருமையா மட்டும் சொன்னா அது முழு ஞாபகம் இல்ல. அதே மாதிரி அங்க கடைல அடுத்தாளா, அதாவது உதவிக்கு நிக்கிற ஆளா போன பையன், சமையக்கட்டுல நின்ன பொம்பளைக, தூண் செதுக்குன ஆசாரி, கல்லு ஒடைச்சவங்க, இவங்க கதையும் அந்த வீட்டுக்குள்ளதான் இருக்கு. வீட்டச் சுத்திக் காட்டுறவங்க பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலி மார்பிள்னு சொல்றாங்களே தவிர இவங்களச் சொல்றதே இல்ல.

இந்த வீடுக போனா ஊரே கஷ்டப்படும்ங்கறதுக்குத் தண்ணி விசயம் ஒண்ணு போதும். வானம் பாத்த பூமி இது. நாலு பக்கத்துக் கூரைத்தண்ணியும் வளவுக்குள்ள எறங்குற மாதிரி கட்டி, அண்டா வச்சுப் புடிச்சாங்க, மிஞ்சுனது கால்வாய் வழியா வெளிய போகும், ஊர்த்தண்ணி ஊருணில சேரும். தெருக்கள நேரா, வாட்டமா போட்டதே அதுக்கும் சேத்துத்தான். நடுவுல ரெண்டு வீட்ட இடிச்சு மேடாக்கி பிளாட்டு போட்டா கால்வாய் அடைபடும், ஊருணிக்கு வரத்து கொறையும். அதனால இது பணக்கார வீட்டுப் பிரச்சனை மட்டும் இல்ல, ஊருக்கே உள்ள பிரச்சனை.

2014லயே செட்டிநாட்டு ஊர்கள யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியல்ல சேத்துட்டாங்க. நம்ம சட்டசபைல 2012லயே தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் கொண்டு வந்தாங்க. நல்லதுதான். ஆனா பட்டியல்ல பேரு இருந்தா ஓடு மாறிருமா? ஓட்டு மேல ஏற ஒரு ஆளு, அவருக்குக் கூலி, நல்ல நாட்டு ஓடு, இது மூணும் வேணும். பாண்டிச்சேரில வைசியாள் வீதில வீட்டுக்காரங்க கொஞ்சம் போட, பாரம்பரிய வீடுகளுக்கான திட்டம் ஒண்ணுலேந்து கொஞ்சம் போட, ஒரு தெருவோட முகப்ப வரிசையா சரி பண்ணுனாங்க, அதுக்கு யுனெஸ்கோ விருதும் வந்துச்சு. தரங்கம்பாடில சுனாமிக்கப்புறம் பழைய வீடுகள இன்டாக்னு பாரம்பரியக் கட்டடங்களப் பாதுகாக்குற அமைப்பு எடுத்து மீட்டுச்சு. அங்க முடிஞ்சது இங்க ஏன் முடியாது? கோடிக்கணக்குல ஒரே அரண்மனைக்குப் போடுறத விட, அதே பணத்த ஊர் ஊரா ஓடு மாத்த, கூரைத்தண்ணி வடியிற வாட்டத் தகரம் மாத்த, சொவத்துல மொளச்ச செடிய வேரோட எடுக்கன்னு சின்னச் சின்ன உதவியா குடுத்தா நூத்துக்கணக்கான வீடு தப்பிக்கும். அந்த உதவி வாங்குற வீட்ட இன்ன வருசம் வரைக்கும் இடிக்கக்கூடாதுன்னு எழுதி வாங்கிக்கலாம், வேலைய சுண்ணாம்பு தெரிஞ்ச கொத்தனார வச்சுத்தான் பண்ணணும், கூட ரெண்டு பசங்கள கத்துக்க வைக்கணும்னு ஒரு கண்டிஷன் போடலாம்.

இன்னொண்ணு, இடிக்கணும்னு முடிவாயிருச்சுன்னா கூட, ஊராட்சிக்கு முன்னாடியே சொல்லணும், வீட்ட அளந்து போட்டோ எடுத்து வச்சுட்டு அப்புறம் இடிக்கணும். அந்த வீட்டுல இருக்குற கணக்கு நோட்டு, இசைகுடிமான ஏடு (கல்யாண ஒப்பந்தம் எழுதுனது), மொய் ஏடு, ரங்கூன்லேந்து வந்த கடுதாசி இதெல்லாம் எடைக்குப் போட்டுறாதீங்கன்னு பங்காளிங்கள கெஞ்சிக் கேட்டுக்குறேன். இதே செட்டிநாட்டுல கோட்டையூர்ல ரோஜா முத்தையா செட்டியார்னு ஒருத்தரு, மத்தவங்க தூக்கிப் போட்ட பழைய புத்தகம், நோட்டீஸ், பத்திரிகை எல்லாத்தையும் வாழ்நாள் பூரா சேத்து வச்சாரு, அதுதான் இன்னைக்கு சென்னைல பெரிய ஆராய்ச்சி நூலகமா நிக்குது. ஒரு தனி ஆளு பண்ணுன வேலை அது. அழகப்பா பல்கலைக்கழகம் காரைக்குடிலயே இருக்கு, வரலாறு படிக்கிற பசங்க செல்போன எடுத்துக்கிட்டு ஊருக்கு ஒரு வாரம் வந்து, வயசான ஆச்சிமார்கிட்டயும், வீட்டுக்குக் காவல் இருக்குறவங்ககிட்டயும், கொத்தனாருங்ககிட்டயும் பேசிப் பதிவு பண்ணுனா எவ்ளோ சேரும். படைப்புக்கு, அதான் முன்னோருக்குப் படையல் போடுற நாளுக்கு, எல்லாப் பங்காளிங்களும் பழைய வீட்டுக்கு வந்து கூடுறாங்கள்ல, அன்னைக்குப் போனா ஒரே நாள்ல எல்லாத் தலைமுறையையும் உக்கார வச்சுக் கேக்கலாம்.

கடைசியா உங்ககிட்ட ஒரு கோரிக்கை. வாரத்துக்கு ஒரு நாள் கால் பக்கம் ஒதுக்குங்க. பேர் தெரியாத பழைய போட்டோவ வாசகருங்க அனுப்பட்டும், "இவங்க யாருன்னு தெரியுமா"ன்னு போடுங்க. எங்க பக்கத்து டீக்கடைல இன்னமும் பத்திரிகைய வாய்விட்டுப் படிக்கிற பெருசுங்க இருக்காங்க, அவங்கள்ல யாராவது அடையாளம் சொல்லுவாங்க. எங்கப்பா வேலை பாத்த வீடுகள்ல எடுத்த ரெண்டு படம் எங்கிட்ட இருக்கு, நீங்க ஆரம்பிச்சா மொத ஆளா நான் அனுப்புறேன்.

இப்படிக்கு,
கட்டட சாமான் வியாபாரி ஒருவர்,
காரைக்குடி வட்டாரம்