நாயகன் கட்சி, வில்லன் கட்சி

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் தமிழ் சினிமா வில்லன்களைப் பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். எம்.என்.நம்பியார் நிஜத்தில் மது, மாமிசம் தொடாதவர், சபரிமலைக்கு மாலை போட்டுப் பலரை அழைத்துப்போன குருசாமி என்பதையெல்லாம் சுவையாகச் சொல்லிவிட்டு, ‘திரையில் அடிவாங்குகிறவர் யாராக இருந்தால் என்ன, எல்லாம் விளையாட்டு’ என்கிற தொனியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அந்த விளையாட்டு கொட்டகையோடு நின்றிருந்தால் சரி; அரசியல் மேடைக்கும் அல்லவா வந்துவிட்டது!

மது விஷயத்தையே பாருங்கள். 1971-ல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்திக் கடைகளைத் திறந்தது. அ.தி.மு.க. மேடைகளில் இது தவறாமல் வரும். 1974-க்குள் அதே அரசே கடைகளை மூடியது மட்டும் வராது. ‘நல்லவர்’ வேடத்தையே விரும்பி ஏற்ற எம்.ஜி.ஆரின் ஆட்சியில் 1981-ல் மதுவிலக்கு மறுபடி தளர்ந்தது, 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. தி.மு.க.காரர்கள் இதைச் சொல்வார்கள். நடுவில், 1982-ல், அவர் கொண்டுவந்த சத்துணவுத் திட்டத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சு காமராஜருக்குத் தாவிவிடும். ஆளுக்குப் பாதிக் கதை. யார் நாயகன், யார் வில்லன் என்று முதல் ரீலிலேயே தெரிந்துவிட்டால் அப்புறம் யோசிக்கிற வேலை மிச்சம்தானே! கடை வருமானம் இல்லாமல் பட்ஜெட் எப்படிப் போடுவது என்ற சங்கடமான கேள்விக்கு இரண்டு தரப்புமே வருவதில்லை.

பாமர ஜனங்களுக்கு இப்படி நாயகன், வில்லன் என்று பிரித்துச் சொன்னால்தான் புரியும் என்று படித்தவர்கள் சொல்வதையும் என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் விடிய விடியக் கூத்து நடக்கும். பாரதப் போர் முடிகிற படுகளத்தன்று துரியோதனனை மண்ணில் பெரிதாகச் செய்து தொடையைப் பிளப்பார்கள். ஆனால் அவனுக்காகப் போருக்குப் போய்ச் சாகிற கர்ணனுக்கு, கர்ண மோட்சக் கூத்தில், கண்ணீர் விடுவதும் அதே கூட்டம்தான். அந்த ஜனங்களுக்கு ஒரு முதல்வரின் இரண்டு பக்கங்கள் புரியாமல் போகுமா?

ஒரு வேண்டுகோள். உங்கள் தேர்தல் சிறப்பிதழில் 1971 முதல் எந்த ஆட்சியில் மதுவால் எவ்வளவு வருமானம் வந்தது, அது எதற்குச் செலவானது என்று ஒரு முழுப்பக்கப் பட்டியல் போடுங்கள். அட்டைப்படத்துக்கு எடுப்பாக இருக்காதுதான். நடுப்பக்கத்தில் போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
வாசகர், விழுப்புரம்