தட்டில் அச்சாரம் வையுங்கள்

மதிப்பிற்குரிய கலைஞர் ரெசிடென்சி நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். ஆங்கிலத்தில் ஒன்பது மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். ஒன்பதுக்கும் ஒரே பதில்தான்: அசல் போர்டிங் பாஸ் படிக்கும்படி இல்லை, ஆகவே சித்தப்பாவின் பயணத் தொகையைத் தர இயலாது. பத்தாவதைத் தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்க்க உங்களிடம் மெஷின் இருக்கிறது. எங்கள் பக்கத்து ஆட்களும் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். போன நவம்பரில் என்னையும் என் சித்தப்பாவையும் ஐரோப்பாவில் உங்கள் இடத்தில் இரண்டு மாதம் தங்கி ஒலி வேலை செய்ய அழைத்தீர்கள். கூத்தில் அவர் ஊதுகிற முகவீணை என்ற சின்ன நாகஸ்வரம், என்னுடைய மைக்கும் லேப்டாப்பும், உங்களுடைய எட்டு ஸ்பீக்கர். அழைப்புக் கடிதம் நன்றாகத்தான் இருந்தது, கடைசிப் பக்கத்தைத் தவிர. விமான டிக்கெட், விசா கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் நாங்களே முதலில் போட வேண்டும், திரும்பி வந்து அசல் ரசீதுகளைக் காட்டினால் அறுபது நாளில் தந்துவிடுவோம் என்று அதில் இருந்தது.

நாங்கள் ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையோரம், நகரி பக்கம். தறியும் கூத்தும் உள்ள ஊர்கள். சித்தப்பாவுக்குக் கூத்து உள்ள மாதத்தில் வருமானம் உண்டு, இல்லாத மாதத்தில் தறிக்குப் போவார். இரண்டு டிக்கெட் 1,42,800 ரூபாய். ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவுக்கு ஆளுக்கு 90 யூரோ கட்டினோம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேறு. சித்தியின் நாலு பவுன் தாலிச் சங்கிலியை அடகு வைத்து 1,70,000 வாங்கினோம். அதை பேங்கில் போட்டால் விசாவுக்குக் காட்டும் கணக்கில் இது ஏது திடீர்ப் பணம் என்று சந்தேகம் வரும், போடாவிட்டால் கணக்கில் ஒன்றுமில்லை என்று சந்தேகம் வரும். விசா மறுத்திருந்தால் கட்டிய கட்டணம் திரும்பாது. வந்து சேராதவர்களுக்கு உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

சரி, போனோம், வந்தோம். என் பங்கை நீங்கள் கொடுத்துவிட்டீர்கள், அதற்கு நன்றி. சித்தப்பாவின் பங்குதான் நிற்கிறது.

அந்த போர்டிங் பாஸ் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். அறுபத்தொரு வயதில் முதல் விமானம். வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா அந்தச் சீட்டை பத்திரமான இடத்தில் வைத்தார். எங்கள் வீட்டில் பத்திரமான இடம் சாமி மாடம்தான். திரௌபதியம்மன் படத்துக்குக் கீழே, காமாட்சி விளக்குக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக் குங்குமமும் இட்டுவிட்டார். அது சூடு பட்டால் கறுக்கும் காகிதம், கடை பில் மாதிரி. நான்கு நாளில் பெயர் இருந்த இடமெல்லாம் வறுத்த மிளகாய் நிறத்துக்கு வந்துவிட்டது. ஓரத்தில் இருக்கை எண் மட்டும் பிழைத்தது.

பாஸ்போர்ட்டில் போன முத்திரை, வந்த முத்திரை இரண்டும் இருக்கின்றன. அவர் பயணம் செய்தார் என்று விமான நிறுவனமே கடிதம் கொடுத்தது. அதையும் அனுப்பினேன். இதற்கெல்லாம் மேலே, அவர் இரண்டு மாதம் உங்கள் கட்டடத்திலேயே இருந்தார்! ஹீட்டர் காற்றில் முகவீணையின் வாயில் வைத்து ஊதும் சீவாளி காய்ந்து காய்ந்து அடைத்துக்கொள்ள, ஈரத்துணியில் சுற்றி டம்ளருக்குள் நிறுத்தி வைத்திருந்தாரே, உங்கள் சவுண்ட் இன்ஜினியர்கள் அந்த டம்ளரையே படம் எடுத்துக்கொண்டு போனார்களே. அவர் விமானத்தில் வரவில்லை என்றால் வேறு எப்படி வந்தார் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் ஊர்ப் பக்கத்து ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் ஏறின பாசஞ்சர் ரயில் அங்கே வரைக்கும் போகாது.

அடகுக் கடையில் இன்னும் 80,000 நிற்கிறது. நூற்றுக்கு ஒன்றரை வட்டி, மாதம் 1,200. சித்தி மஞ்சள் கயிற்றோடு இருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

எங்கள் பக்கம் கூத்து பேசுகிற முறையைச் சொல்கிறேன். தர்மராஜா கோயிலில் பாரதக் கூத்து வைக்கப் போகிறார்கள் என்றால் பதினெட்டு நாள் திருவிழா. ஊர்ப் பெரியவர்கள் கூத்துக் குழுவை நடத்தும் வாத்தியார் வீட்டுக்கு வந்து தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், அதன்மேல் அச்சாரப் பணத்தை வைத்து நீட்டுவார்கள். அதை வாங்கின பிறகுதான் பேச்சு. மழை பொய்த்த வருஷம்கூட, வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்தாவது அச்சாரத்தைக் கொண்டுவருவார்கள். கைக்காசு போட்டு வந்து ஆடு, அப்புறம் பஸ் டிக்கெட்டைக் காட்டு, படிக்க முடிந்தால் தருகிறோம் என்று இதுவரை எந்த ஊரும் சொன்னதில்லை.

உங்களிடம் கேட்பதும் அந்த அச்சாரம்தான். டிக்கெட்டை நீங்களே எடுத்து அனுப்புங்கள். விசா கட்டணத்தையும் காப்பீட்டையும் முன்பணமாகக் கொடுங்கள். ஒன்றரை லட்சத்தைச் சும்மா முடக்கி வைக்க முடிந்தவர்தான் வர முடியும் என்றால், பெருநகரத்தில் பிறந்து ஆங்கிலத்தில் வளர்ந்த அதே பத்துப் பேர்தான் சுற்றிச் சுற்றி வருவார்கள். அப்புறம் உங்கள் கையேட்டில் விளிம்புநிலைக் குரல்கள் என்றும் ஆழ்ந்து கேட்டல் என்றும் எதற்கு அச்சடிக்க வேண்டும்? ஆழ்ந்து கேட்பவர்கள் ஒன்பது மின்னஞ்சலில் ஒன்றையாவது கேட்டிருக்கலாம்.

உலகத்தில் நடக்காததைக் கேட்கவில்லை. பெர்லினில் 1963இல் ஃபோர்டு அறக்கட்டளை தொடங்கி, 1965இல் டி.ஏ.ஏ.டி. என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு ஏற்று இன்றுவரை நடத்துகிற கலைஞர் திட்டத்தில் மாதாமாதம் உதவித்தொகையும் தங்க வீடும் தருகிறார்கள். 1969இல் இசையமைப்பாளர் டேவிட் டூடர் அமெரிக்காவிலிருந்து வந்து அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக் கருவியை நிறுவிக்கொடுத்தார். நீ முதலில் உன் செலவில் வா என்று அந்த மூக் கருவியிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கருவிக்கு உள்ள மரியாதையை ஊதுகிறவருக்கும் கொடுக்கலாமே.

உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. விண்ணப்பத்தோடு உள்ளூர்ப் பண்பாட்டுத் துறையின் பரிந்துரைக் கடிதம் கேட்டீர்கள். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி மாநில எல்லையை மாற்றியபோது திருத்தணி அந்தப் பக்கம், அதாவது இன்றைய தமிழ்நாட்டுக்குப் போனது, நாங்கள் இந்தப் பக்கம், ஆந்திராவில் நின்றோம். இந்தப் பக்கத்து அலுவலகத்தில் பாட்டு தமிழில் இருக்கிறதே என்றார்கள். அந்தப் பக்கத்து அலுவலகத்தில் ஆதார் அட்டை ஆந்திராவில் இருக்கிறதே என்றார்கள். ஒரே கூத்தில் தெலுங்கும் தமிழும் கலந்து விடிய விடியப் பாடுவார் எங்கள் வாத்தியார். அவருக்கு எந்த மேசையிலும் கடிதம் இல்லை. அது எங்கள் ஊர்ச் சண்டை, இங்கே அதிகம் பேசக் கூடாது.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஸ்டூடியோவில் நாங்கள் நன்றாகத்தான் வேலை செய்தோம். எட்டு ஸ்பீக்கரிலும் முகவீணை சுற்றி வந்த அன்று சித்தப்பா எழுந்து நின்று கும்பிட்டதை நீங்களும் பார்த்தீர்கள்.

கேட்பது இரண்டுதான். சித்தப்பாவின் பயணத் தொகையை, முத்திரைகளையும் விமான நிறுவனத்தின் கடிதத்தையும் ஏற்றுத் தயவுசெய்து அனுப்பிவையுங்கள். அடுத்து அழைக்கிறவர்களுக்காவது முன்பணம் கொடுங்கள். வைகாசியில் எங்கள் தர்மராஜா கோயிலில் கொடியேறுகிறது. அதற்குள் முதலாவது நடந்தால் சித்தி சங்கிலியைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வருவார்.

கறுத்துப்போன சீட்டை இத்துடன் மறுபடியும் இணைத்திருக்கிறேன். குங்குமத்தைத் துடைக்க சித்தப்பா விடவில்லை.

இப்படிக்கு,
நகரி பக்கத்திலிருந்து ஓர் ஒலிப்பதிவுக்காரி