பெரிய மார்க்கெட்: முடிவெடுக்கும் முன் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

புதுச்சேரி நேரு வீதியில் உள்ள குபேர் அங்காடியை, அதாவது எங்கள் பெரிய மார்க்கெட்டை, இடித்துக் கட்டுவதா, பகுதி பகுதியாகச் சீரமைப்பதா என்ற இழுபறி ஸ்மார்ட் சிட்டி திட்டம் வந்ததிலிருந்தே நடக்கிறது. மழை பெய்தால் மீன் பக்கம் கால் வைக்க முடியாது, மாற்றம் வேண்டும்தான். ஆனால் ஒரேயடியாகக் காலி செய்யச் சொன்னால், தரையில் கூடை வைத்துக் காயும் பூவும் மீனும் விற்கும் பெண்கள் எங்கே போவார்கள்? கடை உரிமம் உள்ளவருக்கு மாற்று இடம் கிடைக்கலாம். இந்தக் கூடைக்காரப் பெண்களுக்கு எந்தப் பட்டியலில் இடம்?

இடிக்கச் சொல்பவர்களுக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பழைய நகராட்சிக் கட்டடமான மேரி கட்டடம் நினைவுக்கு வரலாம். அது 2014 நவம்பர் மழையில் சரிந்தது உண்மை. ஆனால் பராமரிப்பைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் அது காட்டுகிறது. பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுப்பி 2021இல் திறக்கவும் முடிந்ததே!

இதைப் பேச வேண்டிய இடம் நகராட்சி மன்றம். அதுதான் இங்கே இல்லை. 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011இல் பதவிக்காலம் முடிந்தது, அப்புறம் தேர்தலே இல்லை. வியாபாரிகள் யாரிடம் போய்க் கேட்பார்கள், எந்தக் கவுன்சிலரிடம்?

தேர்தல் நடக்கும்வரை அதிகாரிகள் ஒன்றாவது செய்யலாம். கட்டடத்தின் உறுதி குறித்த ஆய்வறிக்கையையும் புதிய வரைபடத்தையும் தமிழில் மார்க்கெட் வாசலிலேயே ஒட்டுங்கள். கூடைக்காரப் பெண்களையும் அழைத்து, டெண்டருக்கு முன்பே கூட்டம் நடத்துங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், புதுச்சேரி