தடைக்கால ஆய்வில் வின்ச்சையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

விசைப்படகுகளின் மீன்பிடித் தடைக்கால ஆய்வு பற்றிய உங்கள் செய்தியில் பதிவெண், நீளம், இன்ஜின் குதிரைத்திறன், உயிர்காப்புக் கவசம் எல்லாம் வந்தன. வலையை இழுத்து ஏற்றும் இயந்திரமான வின்ச் பற்றி ஒரு வரி இல்லை; கையும் விரலும் போகிற இடம் அதுதான்.

மடியை, அதாவது இழுவலையை, ஏற்றும்போது கம்பி ரோப் அதைச் சுருட்டும் உருளையான டிரம்மின் ஒரு பக்கமாகவே குவியும். அதைப் பரப்பிவிட ஒருவர் பக்கத்தில் நின்று கையால் தள்ளுவார். பழைய ரோப்பில் அறுந்த இழைகள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும்; கையுறையிலோ சட்டைக் கையிலோ ஒன்று மாட்டினால் போதும். நிமிடத்துக்கு 40 மீட்டர் வேகத்தில் சுருளும் ரோப், ஒரு நொடிக்குச் சுமார் 67 சென்டிமீட்டர் உள்ளே போகும். கிட்டத்தட்ட ஒரு கை நீளம். சிக்கியவர் கத்துவது இன்ஜின் சத்தத்தைத் தாண்டி வீல்ஹவுஸில் (படகை ஓட்டும் அறையில்) இருக்கும் டிரைவர் காதில் விழுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இன்ஜினிலிருந்து டிரம்மைப் பிரிக்கும் கிளச்சைத் தள்ளலாமே என்பார்கள். பல் கிளச் பாரத்தில் இறுகிக்கொள்ளும், லேசில் விலகாது.

ஆகவே நிறுத்தும் வசதி டிரம்மின் அருகிலேயே வேண்டும். இன்ஜினின் ஸ்டாப் லீவரிலிருந்து கேபிள் இழுத்து, வின்ச்சின் முன்னால் முழங்கால் உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பியோடு இணைத்தால், கை சிக்கினவரே காலால் தள்ளி டீசலை நிறுத்தலாம். அப்புறமும் அவசரம் கூடாது. சிக்கியவரை மீட்கக் கிளச்சை விலக்கினால், கடலில் கிடக்கும் மடியின் பாரம் டிரம்மை வெடுக்கென்று பின்னால் சுழற்றும். முதலில் பிரேக்கை இறுக்க வேண்டும். தேய்ந்த பிரேக் பட்டை இங்கேதான் காலை வாரும். எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக் வின்ச்சில், கையை எடுத்ததும் இயக்கும் லீவர் தானே நடுவுக்குத் திரும்ப வேண்டும். அதைக் கயிறு போட்டுக் கட்டிவைப்பவர்களை என்ன சொல்வது!

ரோப்பைப் பரப்பும் உருளை பொருத்தினால் கை வைக்கவே வேண்டாம். அதுவரை ஒரு மீட்டர் மரக்கட்டையால் தள்ளலாம். மாட்டிக்கொண்டால் கட்டையை விட்டுவிடலாம். வின்ச்சுக்குப் போகும் செயினுக்கும் ஷாஃப்ட்டுக்கும் தகட்டு மூடி போட வேண்டும். ஷாஃப்ட்டில் துருத்தி நிற்கும் போல்ட் தலைகளை எடுத்துவிட்டு, உள்ளே பதியும் ஸ்குரூ போடுங்கள். கைலி, தோள்துண்டு, மணிக்கட்டில் கயிறு எதுவும் வின்ச் பக்கம் ஆகாது, கோயில் கயிறாகவே இருந்தாலும். கிரீஸ் வைப்பது இன்ஜினை நிறுத்திய பிறகுதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகுகள் கரையில்தான் நிற்கின்றன. வெல்டிங் வேலையும் அப்போதுதான் நடக்கிறது. ஆய்வுக்கு வரும் மீன்வளத்துறை அதிகாரிகள் வின்ச்சை ஓடவிட்டு, அந்தக் குறுக்குக் கம்பியைத் தாங்களே ஒருமுறை காலால் தள்ளிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
விசைப்படகு மெக்கானிக் ஒருவர்,
நாகப்பட்டினம்