தம்பிக்கு, முன்ரூம் பிரிண்டர் விஷயமாக

நீடாமங்கலம்,
ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் கேட்டால் "ம்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். பிரிண்டர் சரியாகிவிட்டது. உள்ரூமில் டைப் அடித்து முன்ரூம் பிரிண்டரில் எடுத்த தாள்தான் இப்போது உன் கையில் இருப்பது. எழுத்து எங்கேயும் உடையாமல் வந்திருக்கிறதா பார்.

நீ வழக்கம்போல அங்கிருந்தே திரையைப் பிடித்துச் சரிசெய்து தருவாய் என்று காத்திருந்தேன். மெசேஜ் அனுப்பினேன், நீலக்கோடு விழுந்தது, பதில் இல்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று அப்பா சொன்னார். ஆமாம் என்றேன். சம்பா இன்சூரன்ஸுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள் என்பதால் வாசலில் நிற்க இடமில்லை. பதிவு இ-சேவை மையத்தில் நடந்தாலும் சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் என்று நகல் எடுக்க நம் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். மழையில் நனைந்துகொண்டு வந்தவரைத் திருப்பி அனுப்ப மனது வரவில்லை. ஒரு வரி பதில் போட்டிருக்கலாம் நீ. சரி, அது போகட்டும்.

பயிலகம் நடத்திய காலத்தில் டைப்ரைட்டரைப் பிரித்து மாட்ட நான் யாரையும் கூப்பிட்டதில்லை. இதையும் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் முன்ரூம் கணினியிலிருந்தே ஒரு டெஸ்ட் பேஜ் எடுத்தேன். பிரிண்டர் கேபிள் எந்தக் கணினியில் இருக்கிறதோ அங்கே முதலில் வர வேண்டும், அது வராமல் மற்றதை நோண்டக் கூடாது என்று நீ சொன்னதுதான். அப்பா கேட்டுவிட்டு, தலைமடையைப் பார்க்காமல் கடைமடையில் நின்று தண்ணீர் தேடக் கூடாது, அதானே என்றார். டெஸ்ட் பேஜ் நன்றாக வந்தது. உள்ரூம் பழைய டிடிபி கணினியிலிருந்து கொடுத்தால் ஒன்றும் வரவில்லை. முன்ரூமில் பிரிண்ட் வரிசையைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. ஆயுத பூஜைக்கு மேஜையை நகர்த்தித் துடைத்த பிறகு பிரிண்டர் கேபிள் வேறு யூஎஸ்பி துளைக்குப் போயிருக்கிறது. துளை மாறினால் விண்டோஸ் சில பிரிண்டர்களைப் புதிதாக வந்தது என்று எடுத்துக்கொண்டு அதே பெயரோடு 'காப்பி 1' என்று இன்னொன்றைச் சேர்த்துவிடுகிறது. முன்ரூமில் கொடுப்பது எல்லாம் அந்தப் புதிய பெயருக்குப் போய் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. உள்ரூமிலிருந்தும் எடுக்கும்படி நாம் ஷேர் செய்து வைத்திருந்தது பழைய பெயரை. அது 'ஆஃப்லைன்' என்று கிடந்தது, உள்ளேயிருந்து அனுப்பியதெல்லாம் அதில் போய்த் தேங்கியிருந்தது.

பழைய பெயரில் ரைட் கிளிக் செய்து, பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ் போய், போர்ட்ஸ் பக்கத்தில் யூஎஸ்பி 001-இல் இருந்த டிக்கை 002-க்கு மாற்றினேன். அவ்வளவுதான். அப்ளை கொடுத்த கொஞ்ச நேரத்தில் பிரிண்டர் தானே ஓட ஆரம்பித்தது. கணினியை அணைத்துப் போட்டாலும் வரிசையில் நிற்பவை அழிவதில்லை, ஸ்பூல் ஃபோல்டரில் கோப்புகளாக இருக்குமாம். சின்னம்மா வீட்டுப் புதுமனைப் பத்திரிகையின் ப்ரூஃப் திரும்பத் திரும்ப வந்தது. கூடவே அக்கா பெண்ணின் ஹிந்திப் பரீட்சை விண்ணப்பம். அப்புறம் உன் தாள் இரண்டு.

தீபாவளிக்கு வந்திருந்தபோது ராத்திரி எழுந்து எடுக்கப் பார்த்தாய் போலிருக்கிறது. உன் சொந்த லேப்டாப்பில் கொரோனா காலத்திலிருந்தே நம் பிரிண்டர் இருக்கிறதே, அதிலிருந்து அனுப்பியிருக்கிறாய். இந்தத் தடவை கம்பெனி லேப்டாப் கொண்டுவரவில்லை, லீவு என்று சொன்னாய். நானும் கேட்கவில்லை. தாள் வந்தபோது வாசலில் ஆள் இருந்தது, நான்தான் எடுத்தேன், வேறு யாரும் பார்க்கவில்லை. மடிக்காமல் உன் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

அதில் ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். இரண்டு பக்கத்திலும் வலது ஓரத்தில் எழுத்து வெட்டுப்பட்டிருந்தது. நீ பக்க அளவை 'லெட்டர்' என்று வைத்திருக்கிறாய். அது 216 மில்லிமீட்டர் அகலம், நம் ட்ரேயில் இருப்பது 210 மில்லிமீட்டர் ஏ4. ஓரத்தைக் குறைவாக விட்டால் அந்த வித்தியாசத்தில் எழுத்து போய்விடும். ஃபைலிலும் ஏ4 வை, பிரிண்டிங் டிஃபால்ட்ஸிலும் ஏ4 வை. இங்கே முன்ரூம் கணினியில் டிஃபால்ட்ஸை நான் மாற்றிவிட்டேன். யாரிடமாவது காட்டப் போகிற தாள் என்றால் ஓரம் சுத்தமாக இருக்க வேண்டும். கடைசி வரிசையில் ஆகஸ்ட் என்று முடிந்திருந்ததே, அதற்குக் கீழே நீ எழுதியிருந்த சான்றிதழ்கள் இரண்டும் அந்த ஓரத்தில்தான் பாதி போயிருந்தன. அவ்வளவு படித்து வாங்கியவை, முழுசாகத் தெரிய வேண்டும்.

ஏழாவது படிக்கும்போதே பயிலகக் கணினியைத் திறந்து பிரஷ்ஷால் தூசி தட்டி மறுபடி மூடி ஓட்டிக் காட்டியவன் நீ. உன்னைப் பற்றிச் சொல்லாத நாள் எனக்கு இல்லை. அதை நீயும் தெரிந்துகொள்ள வேண்டும். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

பிரிண்டருக்கு வருகிறேன். அக்கா கொடுத்த லேப்டாப்பை உள்ரூமில் வைத்திருக்கிறேன், விண்டோஸ் 11. அதில் நம் ஷேரைச் சேர்க்கப் போனால் கடைசியில் 11 பி என்று முடிகிற பிழை எண் வந்தது. கடைத்தெரு சர்வீஸ் பையன் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கிற இடம்) ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கினால் போய்விடும் அக்கா, எல்லாக் கடையிலும் அப்படித்தான் செய்கிறோம் என்றான். ஏன் அந்தப் பிழை வருகிறது என்று நான் உட்கார்ந்து படித்தேன். 2021-இல் பிரிண்ட் ஸ்பூலரில், அதாவது அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்புகிற விண்டோஸ் சர்வீஸில், பெரிய பாதுகாப்பு ஓட்டை தெரியவந்திருக்கிறது, பிரிண்ட்நைட்மேர் என்கிறார்கள். அந்த வருஷம் ஆகஸ்டிலிருந்து ஷேர் வழியாக டிரைவரை, அதாவது பிரிண்டரை ஓட்டுகிற மென்பொருளை, இறக்க அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கேட்கிறது. செப்டம்பரில் இன்னொரு பூட்டும் போட்டார்கள், இரண்டு கணினிகளும் மறையாக்கிப் பேசினால்தான் பிரிண்டர் சேரும். ஒன்று அப்டேட் ஆகி மற்றொன்று பின்தங்கி நின்றால் இந்தப் பிழைதான். பையன் சொன்னது அந்தப் பூட்டைக் கழற்றுகிற வழி. ஊர்க்காரர்களின் ஆதாரும் பாஸ்புக்கும் ஸ்கேன் ஆகி நிற்கிற கணினி அது, நம்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வேண்டாம்பா என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு கணினியையும் முழுதாக அப்டேட் செய்தேன். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டதால் முன்ரூம் கணினியைக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டில் பதிந்து வைத்திருக்கிறேன், 2026 அக்டோபர் 13 வரை ஓடும். லேப்டாப்பில் நம் வைஃபை 'பப்ளிக்' என்று இருந்ததைப் 'பிரைவேட்' ஆக்கினேன், அதற்கு முன்னால் முன்ரூம் கணினி அதன் கண்ணுக்கே படவில்லை. பாஸ்வேர்டு இல்லாத பயனர் பெயரை நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது என்பதால் முன்ரூமுக்குப் பாஸ்வேர்டும் வைத்தேன். உனக்குத் தெரிந்ததுதான், பாட்டி பெயரும் வீட்டு எண்ணும்.

இவ்வளவுக்கும் பிறகு பிரிண்டர் சேர்ந்தது, ஆனால் தாளுக்கு ஒரு வரி வீதம் ஏதோ குறிகளாக அடித்துத் தள்ளியது. டிரைவர் தப்பு. தேடும்போது பொதுவான ஒரு டிரைவர் உட்கார்ந்துவிட்டது. நம் பிரிண்டரில் சொந்தமாகப் பக்கத்தைப் போட்டுக்கொள்கிற வேலை கிடையாது, கணினிதான் பக்கம் முழுதையும் புள்ளிகளாக்கி அதற்கு உரிய முறையில் அனுப்ப வேண்டும். அதனால் அதே மாடலின் டிரைவர் இல்லாமல் அது ஓடாது. பிரிண்டர் ஐகானை அழித்தால் மட்டும் பழைய டிரைவர் போகாது என்பதையும் தெரிந்துகொண்டேன். பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸில் டிரைவர்ஸ் பக்கத்துக்குப் போய் 'டிரைவர் அண்ட் பேக்கேஜ்' என்று சேர்த்து எடுக்க வேண்டும். உபயோகத்தில் இருக்கிறது என்று மறுத்தால் ஸ்பூலர் சர்வீஸை நிறுத்தி மறுபடி ஓடவிட்டு உடனே எடுக்க வேண்டும். எடுத்தேன். தயாரித்தவர்களின் தளத்திலிருந்து 64 பிட் டிரைவரை இறக்கி லேப்டாப்பில் நேரே போட்டேன். பிறகு லோக்கல் பிரிண்டராகச் சேர்த்து, புதிய லோக்கல் போர்ட் உண்டாக்கி, போர்ட் பெயராக இரண்டு பின்சாய்கோடு, முன்ரூம் கணினியின் பெயர், ஒரு பின்சாய்கோடு, ஷேர் பெயர் என்று கொடுத்தேன். இப்படிச் செய்தால் லேப்டாப் தன்னிடம் இருக்கும் டிரைவரையே வைத்துக்கொள்கிறது, முன்ரூமிலிருந்து இறக்கப் பார்ப்பதில்லை. முதல் தாளே சுத்தமாக வந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பழைய டிடிபி கணினி விண்டோஸ் 7, 32 பிட். அதற்கும் ஷேர் வேண்டுமென்றால் முன்ரூமில் 32 பிட் டிரைவரையும் கூடுதலாக வைக்க வேண்டும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு அப்டேட் நின்றுவிட்டது என்பதால் அந்தக் கணினியை நெட்டிலிருந்தே கழற்றிவிட்டேன். பழைய பாமினி எழுத்துருவில் அடிக்கும் பத்திரிகைகளுக்கு மட்டும் அது இருக்கட்டும், பிடிஎஃப் ஆக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்தால் எழுத்துரு மாறாமல் வருகிறது.

புது வைஃபை பிரிண்டர் வாங்கி அனுப்புகிறேன் என்று தீபாவளிக்குச் சொன்னாயே, அது வேண்டாம். அதில் டிரைவர் தொல்லை குறைவு, போனிலிருந்துகூட எடுக்கலாம் என்று எனக்கும் தெரியும். இப்போது வேண்டாம். மாதா மாதம் அனுப்புகிற பணமும் வேண்டாம். செப்டம்பரில் வந்தது, அக்டோபரில் வந்தது, இரண்டையும் நான் தொடவில்லை, நவம்பருக்கு அனுப்பியதும் அப்படியே இருக்கிறது. எங்கிருந்து அனுப்பினாய் என்று நான் கேட்கப் போவதில்லை. வாடகைக்கு வேண்டுமானால் சொல், அதே கணக்குக்குத் திருப்பிப் போடுகிறேன். கடையில் வருவது எங்களுக்குப் போதும். அப்பாவுக்கு இருக்கிற அஞ்சு மா நிலத்துச் சம்பாவும் இதுவரை நன்றாக நிற்கிறது. பணம் அனுப்பாதே.

மற்றபடி இங்கே விசேஷம் எதுவும் இல்லை. ரயில்வே கேட்டில் நெல் மூட்டை வேகன் நின்றால் அதே கூட்டம்தான். சின்னம்மாவுக்கு முட்டிவலி தேவலை. அக்கா உன்னைக் கேட்டாள், பிஸியாக இருக்கிறான் என்றேன். நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி மூன்று மணிக்கு ஆன்லைனில் இருக்காதே.

இன்சூரன்ஸ் கூட்டம் முடிகிற வரை எனக்கு ஒரு ஆள் வேண்டும். ஸ்கேன் செய்து பெயர் போட்டு ஃபோல்டரில் வைக்க யாரையாவது பார்க்கலாம் என்று அப்பா சொல்கிறார், நான் வேண்டாம், தம்பி வந்தாலும் வருவான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மன்னை எக்ஸ்பிரஸில் எழும்பூரில் ஏறிப் படுத்தால் விடியற்காலையில் இங்கே இறங்கிவிடலாம். எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. அப்பாவிடம் நீயாகச் சொன்னால் சொல், சொல்லாவிட்டாலும் சரி. உன் தாள்களையும் இங்கே வந்து ஏ4-இல் எடுத்துக்கொள்ளலாம், நல்ல 80 ஜிஎஸ்எம் பேப்பர் ஒரு கட்டு வாங்கி உன் மேஜையில் வைத்திருக்கிறேன். டிக்கெட் போட்டால் அப்பா போனுக்கு அனுப்பு, என் போனில் மணி சரியாக அடிப்பதில்லை.

அன்புடன்,
அம்மா